ஆள்காட்டி முட்டையிடும் நிலத்தில் மாடு மேய்ப்பது

பறவை பார்க்க வருகிறவர்கள் எங்கள் நிலத்தில் கால் வைத்ததும் கேட்பது, "இந்த மாடுகளை எப்போது வெளியேற்றப் போகிறீர்கள்?" மாடு வாங்க வருகிறவர்கள் கேட்பது, "இந்தப் பள்ளத்தை ஏன் இன்னும் வடிக்கவில்லை?" இரு தரப்புக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். மாடு போனால், தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவையும் போய்விடும். பள்ளம் காய்ந்தால் தைப்பூச மாதத்தில் மாட்டுக்குப் பச்சை இருக்காது. எந்த மாதம் எந்தத் துண்டில் மாடு நிற்க வேண்டும் என்ற கணக்கு கையில் இருந்தால் இரண்டையும் ஒரே நிலத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கை எங்கள் வீட்டில் எப்படிப் போடுகிறோம் என்பதை எழுதுகிறேன். இதே மாதிரி தாழ்ந்த நிலம் வைத்திருக்கும் யாருக்காவது உதவட்டும்.

நிலம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம். ஒரு புறம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம், மறுபுறம் ஆற்றுக்கரை, நடுவில் ஏறத்தாழ பன்னிரண்டு ஏக்கர். முன்பு நெல் விளைந்த இடம். வாய்க்கால் தூர்ந்ததும் கைவிட்டுவிட்டார்கள். பெரியப்பா ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்க்கிறார். அவருடைய மாடுகளில் பெரும்பாலானவை தோட்டத்துக் காலத்து நாட்டுப் பால்மாடுகள். இந்தியாவிலிருந்து வந்த இனங்கள் இங்கே கலந்து உருவானவை. கால்நடை இலாகாக்காரர்கள் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று எழுதுவார்கள். சில கெடா-கிளந்தான் மாடுகளும் உண்டு. நான் பத்து காவானில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் இல்லாத நாளில் மாட்டுக்கொட்டகையிலோ கரைமேல் தொலைநோக்கியோடோ இருப்பேன்.

நிலம் ஒரே மட்டம் இல்லை. மேட்டில் சிறுபுல், நடுவில் பாரா புல், பள்ளத்தில் கோரையும் சம்பும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு மழை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெருமழை. பெருமழையில் பள்ளம் கணுக்கால் தண்ணீரில் நிற்கும். இந்த மூன்று தட்டும் அந்த மழைக் கணக்கும்தான் எங்கள் முதலீடு.

மாடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நான் எங்கும் போகவேண்டியதில்லை. பக்கத்து நிலத்தைச் சுற்றி உரிமையாளர் வேலி போட்டுப் பூட்டிவிட்டார். கொஞ்ச காலத்தில் பாரா புல் நெஞ்சு உயரம் வந்தது. அதன்மேல் மிக்கானியா கொடி படர்ந்தது. ஓரத்தில் மிமோசா பிக்ரா, அதாவது மலாய்க்காரர்கள் 'செமாலு காஜா' என்கிற முள்செடி, புதராக எழுந்துவிட்டது. அங்கே உயிரே இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்புள் கோழி கத்துகிறது, சில்லைகள் விதைக்கு வருகின்றன. ஆனால் தரையைப் பார்த்து வாழும் பறவை ஒன்றுகூட இல்லை. ஆள்காட்டிக்குச் சுற்றிலும் நாய் வருகிறதா என்று பார்க்கத் திறந்தவெளி வேண்டும். கோரை உள்ளானுக்கு அலகு இறங்கும் அளவுக்கு இளகிய ஈரமண் வேண்டும். அந்த அலகின் நீளமே ஆறேழு சென்டிமீட்டர்தான். புல் மெத்தையாகப் படுத்துவிட்டால் இரண்டுக்கும் இடமில்லை.

இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்ட இடம் ராஜஸ்தானின் பரத்பூர். அங்குள்ள கேவலாதேவ் சதுப்பு நிலத்தை 1982-ல் தேசியப் பூங்காவாக்கி, தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த கிராமத்தாரை உள்ளே வரக்கூடாது என்று தடுத்தார்கள். கலவரமாகி, போலீஸ் சுட்டு உயிர்ப்பலியும் ஆனது. அதன்பின் நடந்ததுதான் பாடம். எருமை தின்றுகொண்டிருந்த பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் ஆழமில்லாத தண்ணீர் முழுவதையும் அடைத்தது. வாத்தும் கொக்கும் இறங்கும் திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் அந்த இடத்தில் நடத்திய நீண்ட ஆய்வு, அந்த நிலத்துக்கு எருமை மேய்ச்சல் தேவை என்ற முடிவுக்கு வந்தது. தடை வேண்டும் என்றவர்களும் பறவைக்காரர்கள், தடை கெடுதல் என்று காட்டியவர்களும் பறவைக்காரர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எங்கள் நிலத்துக்கு வந்து மாட்டைத் துரத்தச் சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஆனால் கதை சொல்லிப் பெரியப்பாவைச் சம்மதிக்க வைக்க முடியாது. பள்ளத்தில் சில மாதம் மாடு விடாமல் வைக்கலாமா என்று கேட்டபோது அவர் கொட்டகை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, குருவி பால் குடுக்குமா?"

"குடுக்காது பெரியப்பா. ஆனா அக்டோபர்ல இருந்து பள்ளத்த சும்மா விட்டா, தைப்பூசத்துக்குப் பச்ச நிக்கும்ல?"

அவர் குழாயை மூடினார். தைப்பூசம் எங்களுக்குப் பெரிய பால் சீசன். பால்குடத்துக்கு முன்பதிவு செய்கிறவர்கள் மார்கழியிலேயே போன் போடத் தொடங்குவார்கள். அது விழுகிற நேரமோ ஜனவரி, பிப்ரவரி வறட்சி; மேட்டுப் புல் காய்ந்து, மாடு பால் குறைக்கும் காலம். அந்த நேரத்தில் தீவனம் வாங்கிப் போட்டால் லாபம் தவுட்டுக்கடைக்குப் போய்விடும். அத்தோடு மழைக் காலத்தில் பள்ளத்தில் நின்ற மாடுகளுக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும் குளம்பு அழுகல் வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். "சரி, ஒரு வருசம் பாப்போம்" என்றார். பறவைக்காக நிலம் பராமரிக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாட்டுக்காரரிடம் பறவையைப் பற்றிப் பேசாதீர்கள். குளம்பு, பால், வறட்சித் தீனி, இந்த மூன்றையும் பேசுங்கள். பறவைக்கு வேண்டியது அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இப்போது எங்கள் ஆண்டு இப்படிப் போகிறது. ஜூலை, ஆகஸ்டில் எல்லா மாடும் பள்ளத்தில். அங்கே மழை வருவதற்குள் கோரையும் பாரா புல்லும் கட்டையாக வேண்டும். செப்டம்பரில் மழை பிடித்ததும் மாடுகள் மேட்டுக்கு வந்துவிடும். அப்போதுதான் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் இறங்குகின்றன. கட்டைப் புல்லும் ஓர் அங்குலம் ஈரங்குலம் தண்ணீரும் இருக்கிற இடத்தில் உள்ளான் வகைகள் எல்லாம் நிற்கும். சில ஆண்டுகளில் சாம்பல்தலை ஆள்காட்டிகளும் வரும். மாட்டின் காலடியில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடும். ஜனவரியில் பள்ளத்தைத் திறப்போம், ஆனால் ஒரே நாளில் இல்லை. கம்பியை ஒரு பட்டை, ஒரு பட்டையாக நகர்த்தி உள்ளே விடுவோம். இந்த ஒரு பழக்கம் மட்டும் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. எந்த நாளில் பார்த்தாலும் பள்ளத்தில் மேய்ந்த பட்டை, பாதி மேய்ந்த பட்டை, தொடாத பட்டை மூன்றும் இருக்கும். செங்குருகும் தூக்கணாங்குருவியும் தொடாத பக்கத்தில், உள்ளான் மேய்ந்த பக்கத்தில். நிலம் முழுக்க ஒரே உயரமாகப் புல் வெட்டி வைப்பவர்களுக்கு ஒரு பறவைதான் கிடைக்கும். இயந்திரத்தால் வெட்டுகிறவர்களைச் சொல்கிறேன்.

மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை சிக்கலான காலம். மேட்டில் ஆள்காட்டி முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றி நாலு மண்ணாங்கட்டி, நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டை. அடைகாப்பது ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பொரித்ததும் ஓடத் தொடங்கிவிடும். ஆக, ஒரு துண்டுக்கு ஐந்து வாரம் அமைதி கொடுத்தால் போதும். ஆண்டு முழுவதும் பூட்ட வேண்டியதில்லை.

அந்த மாதங்களில் பெரும்பகுதி மாடுகள் செம்பனைக்கு அடியில் மேயப் போகும். செம்பனையில் மாடு மேய்ப்பது மலேசியாவில் புதிதல்ல. களையும் குறையும் என்பதால் தோட்டக்காரரும் மறுக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: எந்தப் பகுதியில் என்று மருந்து அடித்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பாராகுவாட் 2020-லிருந்து தடை. ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன, அடித்த புல்லில் மாட்டை விடக்கூடாது.

மேட்டில் அப்போது நிற்பது வயதான பசுக்கள் மட்டும். ஏன் வயதானவை? இளங்கிடேரிகள் வால் தூக்கி ஓடும், கூட்டமாகத் திரும்பும், எங்கே மிதிக்கிறோம் என்று பார்க்காது. நெதர்லாந்தின் புல்வெளிகளில் 1980-களில் செய்த ஆய்வும் இதையே சொன்னது: மாடு கூடக்கூட மிதிபடும் கூடுகள் கூடும், அதிலும் கறவைப் பசுவைவிட இளமாடுகள் மோசம். கிழட்டுப் பசு தலையைக் குனிந்து ஒவ்வோர் அடியாக மேயும். ஒருமுறை கரைமேல் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பசு நேராக ஆள்காட்டி உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கிப் போனது. பறவை பறக்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு இறக்கையையும் அகல விரித்து, பசுவின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்று கத்தியது. பசு ஒரு மூச்சு விட்டது, காதை ஆட்டியது, இடது பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது. பறவை மறுபடி வயிற்றுச் சிறகை உதறிவிட்டு முட்டைமேல் உட்கார்ந்தது. கிடேரிக் கூட்டமாக இருந்தால் அந்த இறக்கைக்கு மதிப்பிருந்திருக்காது.

"ஏக்கருக்கு எத்தனை மாடு விடலாம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவின் ஈரப்புல்வெளிக் காப்பகங்களில் முட்டைக் காலத்தில் ஹெக்டேருக்கு ஒரு மாடு, அல்லது அதற்கும் குறைவு என்று வைத்துக்கொள்வார்கள். ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். நம் ஊரில் புல் ஆண்டு முழுவதும் வளர்கிறது, அந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது. நான் எண்ணைப் பார்ப்பதில்லை, இரண்டு அடையாளம் பார்ப்பேன். மேட்டில் புல் கணுக்காலைத் தாண்டினால் மாடு போதவில்லை. பள்ளத்தில் குளம்புத் தடம் நான்கு விரலுக்கு மேல் இறங்கினால் மாடு அதிகம், அல்லது நிலம் இன்னும் தயாராகவில்லை. அன்றே வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் சேறு கலங்கி வேர் அறுந்து, அடுத்த மழையில் புல்லுக்குப் பதில் களைதான் வரும். அதற்காகத் தடமே கூடாது என்றில்லை. வாசல் பக்கம் ஆழமாகப் பதிந்த தடங்களில் மழைநீர் தேங்கி, சின்னச் சின்னக் கிண்ணமாக நிற்கும். குனிந்து பார்த்தால் தலைப்பிரட்டை நெளியும், ஓரத்தில் உள்ளான் அலகு குத்திய துளைகள் வரிசையாகத் தெரியும்.

கம்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் காசையும் உயிரையும் இழக்கிறார்கள். முள்கம்பி வேண்டாம், பட்டையை நகர்த்த முடியாது, பறவை சிக்கும். கம்பியில் விட்டு விட்டு மின் அதிர்ச்சி கொடுக்கும் சோலார் எனர்ஜைசர் ஒன்று, கம்பி இழை ஓடிய கயிறு, நகர்த்தக்கூடிய குச்சிகள், இவை போதும். பெரிய மாட்டுக்கு ஒரே வரி, தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டர் வாக்கில். குஞ்சும் கோழியும் அடியில் போய்விடும். ஈரநிலத்தில் எர்த் நன்றாகக் கிடைப்பதால் சின்ன எனர்ஜைசரே உதைக்கும். ஆனால் புல் கயிற்றைத் தொட்டால் மின்சாரம் கசிந்துவிடும். கயிற்றுக்கு அடியில் மட்டும் அரிவாளால் சீவிவிடுங்கள். மாட்டை முதலில் கொட்டகை முற்றத்தில் கட்டிய கயிற்றில் பழக்குங்கள். மூக்கு ஒருமுறை தொட்டால் போதும், அப்புறம் மின்சாரம் இல்லாவிட்டாலும் தாண்டாது. இடி வந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்காதீர்கள். பன்றிக்கு என்று அப்படிச் செய்து மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பிடித்துவைப்பது அதைவிடச் சுலபம். எங்கள் வாய்க்கால் வாயில் இரண்டு மரச் சட்டம், அவற்றின் இடையே அடுக்கிய பலகைகள். ஒரு பலகை எடுத்தால் ஒரு சாண் தண்ணீர் இறங்கும். பெரிய மதகு அரசாங்கத்தினுடையது, அதைத் தொடக்கூடாது. சொந்த வாய்க்காலிலும் பலகை போடுமுன் பக்கத்து வயல்காரரிடம் பேசிவிட வேண்டும். அவர் அறுவடைக்கு வயலைக் காயவைக்கும் வாரத்தில் நாம் தண்ணீர் தேக்கினால் ஊற்று அவர் பக்கம் போகும். எங்கள் பக்கத்து வயல்காரரான மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுகிறவர், தேதி சொல்லிவிடுவார், நாங்கள் பலகை எடுத்துவிடுவோம். கொசு வரும் என்று ஒரு புகார் வந்தது. டெங்கிக் கொசு மீன் திரியும் வயல் தண்ணீரில் வளர்வதில்லை. டயரிலும் வாளியிலும் வளர்வது அது. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய டயர்களை அப்புறப்படுத்தினோம்.

அடுத்தது சாணம். உண்ணிக்கொக்கும் கரிச்சானும் மைனாவும் மாட்டைத் தொடர்வது மாடு கிளப்பும் பூச்சிக்காக. சாணத்தில் வண்டும் புழுவும் இல்லாவிட்டால் அந்தப் பந்தியில் பாதி காலி. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை ஊசியாகப் போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து இறங்கி, வண்டுப் புழுக்களைக் கொல்லும். அது பல நாள் நீடிக்கும். அதற்காகப் புழு மருந்தே வேண்டாம் என்பது பைத்தியக்காரத்தனம். ஈரநிலத்து மாட்டுக்கு நத்தை வழியாகக் கல்லீரல் புழு வரும், விட்டால் மாடு எலும்பாகிவிடும். நாங்கள் செய்வது, எல்லா மாட்டுக்கும் நாள் பார்த்து ஊசி போடுவதை நிறுத்தி, சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துத் தேவைப்பட்ட மாட்டுக்கு மட்டும் போடுவது. போட்ட மாடு இரண்டு வாரம் கொட்டகையில் நிற்கும். மருந்துச் செலவும் குறைந்தது. தொண்டை அடைப்பானுக்கான தடுப்பூசியில் மட்டும் இந்தக் கஞ்சத்தனம் கூடாது. மழைக்கு முன் எல்லா மாட்டுக்கும் போட்டுவிட வேண்டும்.

மிமோசா முள்ளை மாடு முற்றியபின் தொடாது. முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே, பூக்குமுன், மழை பெய்து மண் இளகிய நாளில் வேரோடு பிடுங்குங்கள். விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் இந்த வேலைக்கு முடிவே இல்லை. பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் விளையாட்டு இல்லை.

நாய்த் தொல்லைதான் எங்களுக்கு இன்னும் தீராதது. முட்டையை மாடு மிதிப்பதைவிட நாய் தின்பது அதிகம். காகத்தையும் உடும்பையும் நான் கணக்கில் எடுப்பதில்லை, அவை இருந்தே தீரும். நாய் வருவதற்குக் காரணம் செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் கரையோரம் போடும் பழக்கம். இப்போது ஆழமாகப் புதைக்கிறோம். அடுத்த தொல்லை கேமராக்காரர்கள். குஞ்சின் படத்துக்காகக் கூட்டைச் சுற்றி நிற்பார்கள், வெயிலில் முட்டை வெந்துவிடும். கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடுகிறவரை மறுமுறை உள்ளே விடுவதில்லை. பெரியப்பா இதில் என்னைவிடக் கறார்.

எனக்கு ஆசை எருமை. எங்கள் பள்ளத்துச் சம்பையும் முரட்டுக் கோரையையும் பசு நுனி கடித்துவிட்டு விட்டுவிடும். எருமை தண்ணீரில் இறங்கி அடியோடு தின்னும், புரண்டு குட்டை உண்டாக்கும். இங்கிருந்து வடக்கே தெற்குத் தாய்லாந்தில், பத்தலுங் மாநிலத்துத் தாலே நோய் ஏரியில், எருமைக் கூட்டம் தண்ணீர் ஏறினால் நீந்திப்போய் மேயும். அந்த ஈரநிலத்தின் ஒரு பகுதி 1998-ல் தாய்லாந்தின் முதல் ராம்சார் இடமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள எருமை வளர்ப்பு முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2022-ல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் நான் படம் காட்டிச் சொன்னபோது பெரியப்பா கேட்டது ஒரே கேள்வி: "கரைய ஒடச்சா பாக்சிக் வயலுக்கு யாரு பதில் சொல்றது?" நியாயம்தான். எருமை கரையில் ஏறி ஏறி இறங்கினால் ஒரே பருவத்தில் கரை சரிந்துவிடும். கரைப்பக்கம் முழுவதும் நிலையான கம்பி போட வேண்டும், அதற்கு ஆண்டுக் குத்தகையை நம்பிப் பணம் போட முடியாது. தவுக்கேயிடம் மூன்று ஆண்டு கேட்டிருக்கிறோம். அவர் கையெழுத்துப் போட்டால் கம்பிக் காசில் பாதி என்னுடையது, இரண்டு எருமைக் கிடேரி பெரியப்பாவுடையது என்று பேசி வைத்திருக்கிறோம். கடா வேண்டாமாம்.